குண்டூசியும் குட்டிக் காரும்

முப்பத்தைந்து ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்குக் குண்டூசியைப் பற்றி எழுத ஓரளவு தகுதி உண்டு என்றே நினைக்கிறேன். மேசை டிராயரில் ஒரு டப்பா குண்டூசி, ஒரு கட்டு டேக், ஒரு துண்டு அரக்கு இல்லாமல் எங்கள் காலத்தில் ஒரு கோப்பும் நகராது. ஆனால் இன்று எழுதப்போவது கோப்பைப் பற்றி அல்ல. அதே குண்டூசி, அதே அரக்கு, குப்பைக்குப் போகும் மாத்திரை அட்டை ஆகியவற்றைக் கொண்டு, பெரிய அளவு மாதிரிக் கார்களுக்கு ஆணி, திருகு, கீல், விளக்கு எல்லாம் செய்கிறவர்களைப் பற்றி. சின்ன விஷயம்தான். ஆனாலும் அதன் பின்னால் இருநூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதில் கணிசமான பகுதி பிரெஞ்சு தேசத்தில் நடந்தது. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு கணக்கு. பேரப்பிள்ளைகள் உருட்டி விளையாடும் சிறிய கார்கள் பெரும்பாலும் அசல் காரில் 43-ல் ஒரு பங்கோ 64-ல் ஒரு பங்கோ இருக்கும். நாலரை மீட்டர் நீளமுள்ள கார் 1/43 அளவில் பத்தரை சென்டிமீட்டர்தான். அதையே 1/8 அளவில் செய்தால் 56 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட இரண்டு அடி. அசல் காரில் 8 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு போல்ட், 1/43 அளவில் 0.2 மில்லிமீட்டர்கூட வராது. அதைச் செய்யாமல் விட்டாலும் யாருக்கும் தெரியாது. 1/8 அளவில் அது சரியாக 1 மில்லிமீட்டர். கண்புரை அறுவை செய்துகொண்ட என் கண்ணுக்கே தெரிகிறது.

இதுதான் பெரிய மாதிரிக் கார் செய்பவர்களின் கஷ்டம். உடலைச் செய்துவிடலாம், வண்ணமும் பூசிவிடலாம். கதவுக்குக் கீல் எங்கே, பானெட்டை மூடும் கொண்டி எங்கே, ரேடியேட்டர் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் பட்டை எங்கே, தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் எங்கே என்று பார்ப்பவன் கண் தேடும். அவை இல்லையென்றால் கார் வெறும் பொம்மையாகத்தான் தெரியும்.

பணம் இருந்தால் கவலையில்லை. இத்தாலியில் தூரின் நகரத்துப் போக்கர் நிறுவனம் 1960களிலிருந்து 1/8 அளவில் ஃபியட், ஆல்ஃபா ரோமியோ, ரோல்ஸ் ராய்ஸ், மெர்சிடிஸ் கார்களைப் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்றது. ரோல்ஸ் ராய்ஸ் பெட்டியில் 2,000-க்கும் மேற்பட்ட பாகங்கள். சக்கரத்தின் ஆரக்கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாகக் கோர்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஜெரால்ட் விங்குரோவ் என்ற கைவினைஞர் 1/15, 1/20 அளவுகளில் பித்தளையிலிருந்து எல்லாவற்றையும் தானே கடைந்தெடுத்துச் செய்தார். தன் முறைகளைப் புத்தகமாகவும் எழுதினார். அவர் செய்த கார்களைச் செல்வந்தர்கள் வாங்கினார்கள்.

பணம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

நெப்போலியனின் வண்டி

1930-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பொருளாதார மந்தம் தொடங்கிவிட்டது. அந்த வருடம், ஜெனரல் மோட்டார்ஸின் கார் உடல்களைக் கட்டும் பிரிவான ஃபிஷர் பாடி, சிறுவர்களுக்கு ஒரு போட்டி அறிவித்தது. 12 வயதிலிருந்து 19 வயது வரை உள்ள பையன்கள் ஒரு மாதிரி வண்டி செய்து அனுப்ப வேண்டும். முதல் பரிசு பெறும் நால்வருக்கு ஆளுக்கு 5,000 டாலர் பல்கலைக்கழகப் படிப்புக்கு. அன்று ஒரு சாதாரண ஷெவர்லே காரை 600 டாலருக்கும் குறைவாக வாங்கலாம் என்றால் அந்தத் தொகையின் கனம் புரியும்.

செய்யச் சொன்னது கார் அல்ல; குதிரை வண்டி. அதுவும் நெப்போலியனுடைய வண்டி! ஃபிஷர் பாடியின் சின்னத்தில் இருந்த வண்டி, நெப்போலியன் முடிசூட்டுக்கும் மேரி லூயிஸைத் திருமணம் செய்தபோதும் பயன்படுத்திய இரண்டு வண்டிகளைக் கலந்து வரைந்தது. பள்ளிக்கூடத்தில் நெப்போலியனின் போர்களை வருட வாரியாக மனப்பாடம் செய்த எங்களுக்கு, அவருடைய வண்டி டெட்ராய்ட்டில் போய் ஏழைப் பையன்களுக்குப் படிப்புச் செலவு கொடுத்தது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

வரைபடமும் குறிப்பும் இலவசமாக வந்துவிடும். ஆனால் எல்லாப் பாகங்களையும் பையனே தன் கையால் செய்ய வேண்டும். ஏறத்தாழ 11 அங்குல நீளமுள்ள வண்டிக்குக் கதவு திறக்க வேண்டும், சக்கரம் சுழல வேண்டும், வில்தகடு அசைய வேண்டும், உள்ளே மெத்தை தைத்திருக்க வேண்டும். அந்தக் கீலையும் கைப்பிடியையும் படிக்கட்டையும் விளக்கையும் கடையில் வாங்கக் கூடாது. பணக்கார வீட்டுப் பையனும் மரத்துண்டு, பித்தளைக் கம்பி, தகரம் என்றுதான் உட்கார வேண்டும். தச்சுப்பட்டறைக்காரன் மகனும் அதையேதான் செய்ய வேண்டும். நூற்றுக்கணக்கான மணி நேர வேலை. நல்ல கருவியும் இடமும் இருந்த பையனுக்குக் கொஞ்சம் வசதி கூடுதல்தான். ஆனாலும் பாகங்களை விலைக்கு வாங்கி ஜெயிக்கும் வழி அடைக்கப்பட்டிருந்தது.

முதல் போட்டியில் 1931-ல் பரிசு வாங்கிய பையன்களில் டொனால்ட் பர்ன்ஹாம் என்பவர் இண்டியானாவைச் சேர்ந்தவர். அந்தப் பணத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். 1963-ல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் தலைவரானார்.

1937 முதல் குதிரை வண்டியோடு மாதிரிக் கார்களையும் அனுமதித்தார்கள். பிற்பாடு கார் மட்டுமே. அளவு 1/12. இப்போது பையன்கள் பம்பரையும் சக்கர மூடியையும் முகப்புக் கம்பிகளையும் அலுமினியத்திலும் பித்தளையிலும் அராவித் தேய்த்தார்கள். 1947-ல் முதல் பரிசு பெற்ற சார்லஸ் ஜோர்டன் பிற்பாடு ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே துணைத் தலைவரானார்.

நிறுவனம் தர்மத்துக்காக இதைச் செய்யவில்லை. கெட்டிக்காரப் பையன்களை வளரும் வயதிலேயே அடையாளம் காண அதற்கு இது ஒரு வழி. விளம்பரமும் ஆயிற்று. பெண்பிள்ளைகளைக் கடைசிவரை சேர்க்கவே இல்லை. 1968-ல் போட்டியை நிறுத்திவிட்டார்கள். அந்த மாதிரிகளில் சில இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பையன்கள் கையால் செய்தவை அவை.

என் நண்பரின் சித்ரோயன்

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் எங்கள் குடியிருப்பில் உள்ள ஒரு நண்பர். பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வுபெற்றவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவருடைய தகப்பனார் இந்த ஊரில் ஒரு பிரெஞ்சு அதிகாரிக்கு டிரைவராக இருந்தார். ஓட்டியது சித்ரோயன் திராக்ஸியோன் அவான் என்ற கறுப்புக் கார். முன்சக்கரங்களை இயக்கும் அந்தக் கார் 1934-ல் வந்து 1957 வரை தயாரிக்கப்பட்டது. எங்கள் வயதுக்காரர்கள் பழைய பிரெஞ்சுப் படங்களில் போலீசும் திருடனும் அதிலேயே போவதைப் பார்த்திருப்பீர்கள்.

நண்பரிடம் தகப்பனாருடைய போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. காரின் முன்கதவில் கை வைத்து நிற்கிறார். அந்தக் காரை 1/8 அளவில் மரத்திலும் தகரத்திலும் செய்வது என்று நண்பர் உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டுப் பெட்டியின் விலையை அவர் மகன் கைபேசியில் பார்த்துச் சொன்னபோது, "நம்ம பென்ஷன்ல ரெண்டு மாசம் சாப்பிடாம இருந்தா வாங்கலாம் முசியே" என்று என்னிடம் சிரித்தார்.

பிரெஞ்சு மொழியில் 'சிஸ்தேம் தே' என்று ஒரு வழக்கு உண்டு. 'தே' என்பது 'தெப்ரூயார்' என்ற சொல்லின் முதல் எழுத்து. இருப்பதை வைத்துச் சமாளித்து வேலையை முடிப்பவன் என்று பொருள். எங்கள் கணக்கு வாத்தியார், காம்பஸ் கொண்டுவர மறந்த பையனிடம் "தெப்ரூயே வூ" என்பார். நூலையும் பென்சிலையும் வைத்து வட்டம் போடு என்று அர்த்தம். நண்பர் இப்போது நடத்துவது முழுக்க முழுக்க சிஸ்தேம் தேதான்.

குண்டூசி

ரிவெட்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது குண்டூசி. தகட்டில் நுண்ணிய துளை போட்டு, குண்டூசியைத் தலைக்குக் கீழே சிறிது விட்டு வெட்டி, துளையில் செருகிப் பின்புறம் ஒரு சொட்டுப் பசை வைக்கிறார். தலை உருண்டையாக இருந்தால் அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்துத் தட்டையாக்கினால் போதும். ஒரு டப்பாவில் நூற்றுக்கணக்கான ரிவெட் கிடைத்துவிடுகிறது. எல்லாம் ஒரே அளவு என்பதுதான் முக்கியம். கையால் ஒவ்வொன்றாகச் செய்தால் வரிசை கோணலாகத் தெரியும்.

இந்த ஒரே அளவும் மலிவும் எப்படி வந்தன? திதரோ தொகுத்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் ஐந்தாவது தொகுதி 1755-ல் வெளிவந்தது. அதில் குண்டூசியைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. ஒரு குண்டூசி உருவாக 18 வேலைகள் என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. இருபத்தோரு வருடம் கழித்து 1776-ல் ஆடம் ஸ்மித் தன் புகழ்பெற்ற பொருளாதார நூலைத் தொடங்கியதும் இதே 18 வேலைகளில்தான். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் நாளுக்கு 48,000 குண்டூசி, ஒருவனே எல்லாவற்றையும் செய்தால் இருபதுகூடத் தேறாது என்றார். கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும்.

அன்றைய குண்டூசியின் தலை வேறு, உடல் வேறு. மெல்லிய கம்பியை ஸ்பிரிங் போலச் சுற்றி, இரண்டு சுற்று வெட்டி எடுத்து, ஊசியின் முனையில் மாட்டி அடித்து இறுக்குவார்கள். தலை மாட்டும் வேலை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும். கூலி மிகக் குறைவு. பிற்பாடு நியூயார்க்கில் ஏழைகள் விடுதியில் மருத்துவராக இருந்த ஜான் ஹோவ், அங்கே இருந்தவர்கள் கையால் குண்டூசி செய்வதைப் பார்த்து அதற்கு ஓர் இயந்திரம் உருவாக்கி 1832-ல் காப்புரிமை பெற்றார். பிறகுதான் தலையும் உடலும் ஒன்றான குண்டூசி பெட்டி பெட்டியாக வந்தது.

நம் அலுவலகத்தில் குண்டூசி கீழே விழுந்தால் யாரும் குனிந்து எடுக்க மாட்டோம். அந்த அலட்சியம் நமக்குக் கிடைப்பதற்கு முன்னால் எத்தனை பிள்ளைகளின் கண் கெட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

திருகாணி

அடுத்தது போல்ட். வட்டத் தலை போதாது. அறுகோணத் தலை வேண்டும். இதிலும் ஒரு பிரெஞ்சு மொழிக்காரர் வருகிறார். ஜெனீவாவில் பேராசிரியராக இருந்த மார்க் த்யூரி, கடிகாரம் செய்கிறவர்கள் பயன்படுத்தும் நுண்ணிய திருகாணிகளைச் சேகரித்து அளந்தார். ஆளுக்கு ஓர் அளவு வைத்திருந்தாலும், நல்ல திருகாணிகளில் கனத்துக்கும் மரை இடைவெளிக்கும் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டுபிடித்து 1878-ல் வெளியிட்டார். 0 எண் திருகாணிக்கு 6 மில்லிமீட்டர் கனம், 1 மில்லிமீட்டர் மரை இடைவெளி. அடுத்தடுத்த எண்ணில் மரை இடைவெளி முந்தையதில் பத்தில் ஒன்பது பங்காகக் குறைந்துகொண்டே போகும். கனமும் அதற்கேற்பக் குறையும்.

அங்குலத்தை விடமாட்டேன் என்றிருந்த ஆங்கிலேயர்களே 1884-ல் இதை ஏற்றுக்கொண்டு பி.ஏ. மரை என்று பெயரிட்டார்கள். பட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். 'பிரிட்டிஷ் அசோசியேஷன்' என்பதன் சுருக்கம் அது. பழைய பிரிட்டிஷ் வால்வு ரேடியோவைப் பிரித்தவர்கள் இந்தத் திருகாணிகளைக் கையில் எடுத்திருப்பார்கள். 14-ஆம் எண் திருகாணி 1 மில்லிமீட்டர் கனம். அதாவது 1/8 காரில் அதுதான் 8 மில்லிமீட்டர் போல்ட். 12-ஆம் எண் 1.3 மில்லிமீட்டர். 16-ஆம் எண் 0.79 மில்லிமீட்டர். கடிகாரத்துக்கு என்று வகுத்த வரிசை மாதிரிக் காருக்கு அளவெடுத்துத் தைத்தது போல ஆகிவிட்டது. இங்கிலாந்தில் மாதிரி இயந்திரங்கள் செய்கிறவர்கள் இன்றும் இவற்றை வாங்குகிறார்கள்.

நம் ஊரில் இந்த அளவெல்லாம் கடையில் கேட்டால் சிரிப்பார்கள். நண்பரின் வழி வேறு. மரை தேவையில்லை, தலை மட்டும் போதும் என்கிறார். பெரிய அறுகோண நட்டு ஒன்றின் நடுவே மரக்குச்சியை இறுக்கிச் செருகி, குச்சியின் நடுவில் துளை போட்டு, பித்தளைக் கம்பியை நுழைத்து, அரக்கை உருக்கி ஊற்றி அசையாமல் பிடிக்க வைக்கிறார். கம்பியின் முனை சிறிது வெளியே நீட்டியிருக்கும். நட்டின் ஒரு பக்கத்தை மேசையில் படியவைத்து, நீட்டிய முனையை மேலிருந்து மட்டமாக நான்கு முறை அரம் இழுப்பு. பிறகு நட்டை அடுத்த பக்கம் திருப்பி நான்கு முறை. ஆறு பக்கமும் முடிந்தால் கம்பி முனையும் அறுகோணம். அதிலிருந்து மெல்லிய வில்லைகளாக அறுத்து ஒட்டினால் போல்ட் தலை. கடிகாரம் பழுதுபார்க்கிறவர்கள் சின்னப் பாகத்தைப் பிடிக்க அரக்கைத்தான் பயன்படுத்துவார்கள். நான் முப்பத்தைந்து வருடம் அரக்கை உறைமேல் வைத்து முத்திரை குத்தியதோடு சரி.

ஊசியும் தகடும்

கதவுக் கீலுக்கு மருத்துவ ஊசிக் குழல். 1853-ல் லியோன் நகரத்தில் பிரவாஸ் என்ற மருத்துவரும், அதே காலத்தில் எடின்பரோவில் உட் என்பவரும் உள்துளையுள்ள ஊசியைக் கொண்டு மருந்து செலுத்தினார்கள். அதனால் ஊசிக்குழலைப் பிரெஞ்சுக்காரர்கள் வெகுகாலம் பிரவாஸ் பெயராலேயே அழைத்தார்கள். இன்று ஊசிகளின் கனத்தை எண்ணால் குறிக்கிறார்கள். எண் கூடக்கூட ஊசி மெல்லியது. 21-ஆம் எண் ஊசியின் வெளிக்கனம் 0.82 மில்லிமீட்டர், உள்துளை சுமார் 0.51. 26-ஆம் எண் ஊசியின் வெளிக்கனம் 0.46. ஆகவே ஒன்றுக்குள் ஒன்று உருவிக்கொண்டு போகும். பெரியதை மூன்று துண்டாக அறுத்து, நடுத்துண்டைக் கதவிலும் மற்ற இரண்டைச் சட்டத்திலும் பொருத்தி, மெல்லியதை ஊடே செருகினால் உண்மையான கீல். கதவு அலுங்காமல் திறந்து மூடுகிறது. ஒரு எச்சரிக்கை: மருந்துக் கடையில் வாங்கிய புது ஊசிதான். பயன்படுத்திய ஊசியைத் தொடவே கூடாது.

பளபளக்கும் விளிம்புகளுக்கும் குழாய் இறுக்கும் பட்டைகளுக்கும் அலுமினியத் தாள். இதன் கதையும் விசித்திரம். 1850களில் சாந்த் கிளேர் தெவில் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அலுமினியத்தைப் பிரித்தெடுத்தபோது அது வெள்ளிக்குச் சமமாக மதிக்கப்பட்ட அபூர்வ உலோகம். மூன்றாம் நெப்போலியன் அவருக்கு ஆதரவு கொடுத்தார். 1855 பாரீஸ் கண்காட்சியில் அதைக் காட்சிப் பொருளாக வைத்தார்கள். பிறகு 1886-ல் பிரான்சில் எரூவும் அமெரிக்காவில் ஹாலும் ஒருவரையொருவர் அறியாமல், மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் ஒரே வழியைக் கண்டார்கள். இருவரும் பிறந்தது 1863-ல், இறந்தது 1914-ல். அதற்குப் பிறகு விலை சரிந்து, சக்கரவர்த்தி ஆசைப்பட்ட உலோகத்தில் இன்று நாம் சப்பாத்தி சுற்றுகிறோம்.

நண்பர் குளிர்பான டப்பாவைக் கத்தரித்து, தகட்டை 1 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக்கி, ரப்பர் குழாய்மேல் சுற்றி, முனைகள் சேரும் இடத்தில் குண்டூசித் துண்டு ஒன்றைக் குறுக்கே வைக்கிறார். பார்த்தால் திருகி இறுக்கியது போலவே இருக்கும். சித்ரோயனின் முகப்பில் இருக்கும் கவிழ்த்த இரட்டை 'வி' சின்னத்தையும் அதே தகட்டில்தான் வெட்டினார். அந்தச் சின்னம் வெறும் அலங்காரம் அல்ல. அந்த்ரே சித்ரோயன் கார் செய்வதற்கு முன்னால் தயாரித்த பற்சக்கரங்களின் பல் வடிவம் அது. தகப்பனார் தினமும் காலையில் முதலில் துடைத்தது அந்தச் சின்னத்தைத்தானாம். அதை மட்டும் நண்பர் நான்கு முறை வெட்டினார். முதல் மூன்றும் எனக்குச் சரியாகத்தான் தெரிந்தன. "உங்களுக்குத் தெரியாது சார், அப்பாவுக்குத் தெரியும்" என்றார்.

முன்விளக்குக் கண்ணாடிக்கு மாத்திரை அட்டை. மாத்திரை இருந்த குமிழை வட்டமாக வெட்டினால் அசல் விளக்கின் குவிந்த கண்ணாடி. இதற்கு மட்டும் நம் வயதுக்காரர்களிடம் பஞ்சமே இல்லை. சர்க்கரை மாத்திரை ஓர் அளவு, இரத்த அழுத்த மாத்திரை ஓர் அளவு. நண்பர் தேடிய அளவு என் மனைவியின் கால்சியம் மாத்திரையில் கிடைத்தது.

மலிவு என்றால் என்ன?

அலுவலகத்தில் மலிவு என்றால் மூன்று கொட்டேஷனில் மிகக் குறைந்ததை எடுப்பது. அந்தக் கணக்கில் நண்பர் இதுவரை இந்தச் சில்லறைச் சாமான்களுக்குச் செலவழித்தது இருநூறு ரூபாயைத் தாண்டவில்லை. ஆனால் பதினான்கு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறார். அவர் நேரத்துக்கு விலை போட்டால் போக்கர் பெட்டியே மலிவு.

நான் கண்ட வரையில், இந்தக் காரியத்தில் மலிவு என்பது இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, வேறு யாரோ முன்னாலேயே பட்ட பாடு. குண்டூசிக்குத் தலை மாட்டிய பிள்ளைகள், திருகாணிகளை அளந்த பேராசிரியர், இருபத்துமூன்று வயதில் அலுமினியத்தைப் பிரித்த எரூ, இவர்களெல்லாம் செய்து வைத்த துல்லியம் இன்று நம் டிராயரில் காசில்லாமல் கிடக்கிறது. ஏழையான ஒருவன் அதைக் கடனாக வாங்கிக்கொள்கிறான். மற்றொன்று, செய்கிறவன் தானாக மனமுவந்து கொடுக்கும் நேரம். முதலாவது வகையில் பலருக்கு நியாயமான கூலி கிடைக்கவில்லை. இரண்டாவதில் கூலியைப் பற்றிய பேச்சே இல்லை.

டெட்ராய்ட் போட்டி என்னைக் கவர்ந்ததற்கும் இதுதான் காரணம். வாங்கக் கூடாது, செய்ய வேண்டும் என்ற ஒரே விதியால், காசு இல்லாத பையன் மற்றவனுக்கு ஏறக்குறைய சமமாக உட்கார முடிந்தது. நம் பள்ளிகளில் இன்று 'ப்ராஜெக்ட்' என்ற பெயரில் பெற்றோர் கடையில் வாங்கிக் கொடுக்கும் அட்டைகளைப் பார்க்கும்போது, யாராவது அந்த விதியைக் கொண்டுவரக் கூடாதா என்று தோன்றுகிறது. இந்தத் தடவை பெண்பிள்ளைகளையும் சேர்த்து.

வீட்டில் பேரனோ பேத்தியோ இருந்தால், விடுமுறையில் ஒரு சிறிய காரியம் செய்து பாருங்கள். பழைய அட்டைப் பெட்டியில் ஒரு கார்க் கதவு வரைந்து வெட்டுங்கள். நான்கு குண்டூசித் தலை, ஒரு கைப்பிடி, ஒரு கீல். அவ்வளவுதான். பெரியவர்கள் குண்டூசியை வெட்டும்போது முனை தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு துணிக்குள் வைத்து வெட்டுங்கள். அரை மணி நேரத்தில் பிள்ளை நிஜக் காரின் கதவைப் போய்த் திறந்து பார்த்து, கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வந்து சொல்லும். நாம் அறுபது வருடமாகக் கார்க் கதவைத் திறக்கிறோம், கவனித்திருக்க மாட்டோம்.

நண்பரின் காரில் இன்னும் பாக்கி இருப்பது பின்புறச் சக்கர மூடியும் பெட்ரோல் மூடியும். பெட்ரோல் மூடிக்குப் பழைய கைக்கடிகாரத்தில் சாவி கொடுக்கும் குமிழ் சரியாக இருக்கும் என்கிறார். விளிம்பில் ஏற்கெனவே நுண்ணிய பல் வெட்டியிருக்கும். உள்ளூர் வாசகர்கள் யாரிடமாவது ஓடாத பழைய சாவிக் கடிகாரம் சும்மா கிடந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வந்து வாங்கிக்கொள்கிறேன்.